தடை போட்ட கையால் ஒரு மாலை

டிசம்பர் பாதி தாண்டியதும் அயர்லாந்தில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆர்.டி.ஈ தொலைக்காட்சி அந்த ஆண்டின் விளையாட்டு விருதுகளை வழங்கும். ஆண்டின் சிறந்த வீரர், சிறந்த அணி, சிறந்த பயிற்சியாளர் என்று வரிசையாகப் போய், நடுவில் ஒரு கட்டத்தில் அரங்கின் விளக்கை மங்கலாக்குவார்கள். அப்போது வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாழ்நாள் சாதனைக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வருகிறது என்று அர்த்தம்.

இதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. முதலில் பழைய படச்சுருள் ஓடும். மழை பெய்யும், ஆட்கள் ஓடுவார்கள், தொப்பி போட்ட கூட்டம் கத்தும். பின்னணியில் பியானோ. கனத்த குரல் ஒன்று, “எத்தனையோ தடைகளைத் தாண்டி” என்று சொல்லும். பிறகு வெள்ளை முடியோடு ஒருவர் மெதுவாக நடந்து வருவார், அரங்கமே எழுந்து நின்று கை தட்டும். அந்தத் தடைகளைப் போட்டவர்கள் யார் என்பதை மட்டும் படச்சுருள் சொல்லாது. சொன்னால் கை தட்டுகிறவர்களில் பாதிப் பேர் உட்கார வேண்டியிருக்கும்.

நான் இதை வருஷந்தோறும் பார்க்கிறேன். இப்போது வீட்டு சோபாவில். அப்போது, இரவு ட்யூட்டியில், முதியோர் வார்டில் நின்றுகொண்டே.

2001-ல் நாகர்கோவிலிலிருந்து டப்ளினுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தேன். அயர்லாந்து வெளிநாட்டு நர்ஸ்களை வாரி வாரி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. என்னைப் போட்டது ஆண்கள் முதியோர் வார்டில். அங்கே டி.வி சுவரில் உயரமாக மாட்டியிருக்கும். ரிமோட்டின் பின்மூடி தொலைந்துபோய், பேட்டரி விழாமல் இருக்க காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பைச் சுற்றி வைத்திருந்தோம். மாத்திரை கொடுப்பதை விட அந்த ரிமோட்டைப் பங்கீடு செய்வதுதான் பெரிய நர்சிங் வேலை.

ஜன்னலோரக் கட்டிலில் டிப்பரரி கவுண்டிக்காரர் ஒருவர். ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்தின் வெறியர். எதிர்க் கட்டிலில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர், டப்ளின்காரர். ரக்பி, கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் பார்த்து வளர்ந்தவர். இருவருக்கும் எண்பதை ஒட்டிய வயது. அந்த வருஷம் விருது நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, டிப்பரரிக்காரரைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்:

“இந்த ஆளைப் பார், மகளே. இவன் உளவாளியாக இருந்தவன்.”

டிப்பரரிக்காரர் மறுக்கவில்லை. போர்வையை இழுத்து நேராக உட்கார்ந்தார். பெருமை.

எனக்குப் புரியவைக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகிய மண்ணின் ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ என்ற சங்கம் 1884-ல் தொடங்கியது. அந்தச் சங்கத்தில் ‘27-ம் விதி’ என்று ஒன்று இருந்தது. ரக்பி, கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் அந்நிய ஆட்டம், வெள்ளைக்காரன் ஆட்டம். சங்க உறுப்பினர் அவற்றை ஆடக்கூடாது. ஆடுவதை நின்று பார்க்கவும் கூடாது. அந்தக் கிளப்புகள் நடத்தும் நடனத்துக்குக்கூடப் போகக்கூடாது. மீறினால் சஸ்பென்ஷன். மீறுகிறவர்களைக் கண்டுபிடிக்க ‘விழிப்புக் குழு’ என்ற பெயரில் ஆட்களை மைதானங்களுக்கு அனுப்புவார்கள். டிப்பரரிக்காரர் அப்படி அனுப்பப்பட்டவர். ஐம்பதுகளில் டப்ளினில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் டேலிமவுண்ட் பார்க் கால்பந்து மைதானத்துக்குப் போய் நிற்பார். தெரிந்த ஹர்லிங்காரர் யாராவது ஒளிந்து ஆட்டம் பார்க்கிறாரா என்று கவனித்து எழுதிக்கொண்டு வர வேண்டும்.

“டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டேன்.

“என் காசுதான். நாட்டுக்காக.”

“எத்தனை பேரைப் பிடித்தீர்கள்?”

“ஒருத்தனையும் இல்லை, மகளே. ஆட்டத்தைப் பார்க்க வேண்டாமா?”

எதிர்க் கட்டிலிலிருந்து மேனேஜர் சொன்னார்: “கோல் விழுந்தால் முதலில் எழுந்து குதிக்கிறவன் இவன்தான்.”

சிரித்தேனே தவிர, அந்தச் சங்கத்தாரின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1920 நவம்பர் 21-ம் தேதி, டப்ளினில் ஜி.ஏ.ஏ.வின் குரோக் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கிலேய அரசின் படையினர் உள்ளே புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். 14 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் டிப்பரரி அணி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அந்த மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கே அவர் பெயர்தான். அப்படிப்பட்ட வரலாறு உள்ள ஊரில் கிரிக்கெட் மட்டையைக் கண்டால் ஒருவனுக்கு எரியும் என்பது எனக்கு விளங்குகிறது.

ஆனால் விதி என்று ஒன்று வந்துவிட்டால் அது தன் பாட்டுக்கு வளரும். 1938-ல் அயர்லாந்தின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், போலந்துடன் நடந்த கால்பந்துப் போட்டிக்கு நாட்டின் தலைவர் என்ற முறையில் போய் உட்கார்ந்தார். ஐரிஷ் மொழி அழியாமல் காக்க கேலிக் லீக் என்ற இயக்கத்தையே தொடங்கியவர் அவர். ஜி.ஏ.ஏ.வின் புரவலரும்கூட. அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐரிஷ் மொழியைக் காத்த கிழவர் போதுமான அளவுக்கு ஐரிஷ்காரர் இல்லை என்று முடிவாயிற்று. 1963-ல் வாட்டர்ஃபோர்டின் பெரிய ஹர்லிங் ஆட்டக்காரர் டாம் சீஸ்டியை, கால்பந்துக் கிளப் நடத்திய நடனத்துக்குப் போனதற்காகத் தடை செய்தார்கள். ஆடிய ஆட்டம் வால்ட்ஸோ என்னமோ, அதுவும் அந்நிய ஆட்டமாகிவிட்டது.

இந்தக் கூத்தின் நடுவேதான் 1958-ல் விருது வருகிறது. கொடுத்தது கால்டெக்ஸ் எண்ணெய் கம்பெனி. பின்னாளில் இது டெக்ஸாகோ விருது என்று பெயர் மாறியது. அயர்லாந்தில் எல்லா விளையாட்டுக்கும் ஒரே மேடையில் பரிசு என்பது அதன் விசேஷம். ஹர்லிங்காரரும் ரக்பிக்காரரும் குதிரைக்காரரும் கோல்ஃப்காரரும் கோட்டு சூட்டு போட்டு ஒரே விருந்தில் உட்காருவார்கள். விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், ஹர்லிங் வீரர் அந்த ரக்பி வீரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், கை குலுக்கலாம், உலகத்திலேயே நீதான் கெட்டிக்காரன் என்று சொல்லலாம். அடுத்த சனிக்கிழமை அவர் ஆடுவதைப் போய்ப் பார்த்தால் மட்டும் குற்றம்.

“கிறிஸ்டி ரிங் கதையைச் சொல்லு,” என்பார் மேனேஜர். அந்தக் கதையை டிப்பரரிக்காரர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மேனேஜருக்கே ஆசை. கார்க் கவுண்டியின் க்ளாய்ன் கிராமத்துக்காரர் ரிங். ஹர்லிங்கில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை என்று டிப்பரரிக்காரரே ஒப்புக்கொள்வார், பல்லைக் கடித்துக்கொண்டு. ஏனென்றால் கார்க் என்றால் டிப்பரரிக்கு ஜன்மப் பகை. எட்டு அகில அயர்லாந்துப் பட்டம். ஹர்லிங்கில் அன்றும் இன்றும் சம்பளம் கிடையாது, எல்லோரும் வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிறவர்கள்தான். ரிங் பார்த்த வேலை, ஷெல் கம்பெனிக்கு எண்ணெய் லாரி ஓட்டுவது. 1959-ல் அவருக்கு ஹர்லிங் விருது கொடுத்தது கால்டெக்ஸ்.

“ஷெல் லாரியை வெளியே நிறுத்திவிட்டு கால்டெக்ஸ் கையால் பரிசு வாங்கினான்!” என்று டிப்பரரிக்காரர் தொடையில் தட்டுவார். லாரியை உண்மையிலேயே வெளியே நிறுத்தினாரா என்று நான் கேட்டதில்லை. நல்ல கதையை நர்ஸ் கெடுக்கக்கூடாது.

1979-ல் ரிங் திடீரென்று இறந்தபோது கார்க் நகரமே தெருவில் நின்றதாம். கல்லறை ஓரத்தில் இரங்கல் உரை ஆற்றியவர் அப்போதைய பிரதமர் ஜாக் லின்ச். அவரும் பழைய ஹர்லிங் வீரர், ரிங்கோடு ஒரே அணியில் ஆடியவர். இன்று கார்க் நகரத்தில் ரிங் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது, பார்க் ஈ ரின். ஜி.ஏ.ஏ அதை விலைக்கு வாங்குவதற்கு முன்பு அது ‘ஃபிளவர் லாட்ஜ்’ என்ற கால்பந்து மைதானம். ரிங் ஆடிய காலத்தில் அவர் உள்ளே கால் வைத்திருந்தால் உளவாளி எழுதிக்கொண்டு போயிருப்பார்.

அந்த விதி 1971-ல், பெல்ஃபாஸ்டில் கூடிய மாநாட்டில் நீக்கப்பட்டது. அவ்வளவு வருஷம் மல்லுக்கட்டியது கடைசியில் பெரிய வாக்குவாதமே இல்லாமல் போய்விட்டது. உளவாளிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். “சீசன் டிக்கெட் வாங்கிக்கொண்டோம்,” என்றார் டிப்பரரிக்காரர்.

விதி போனாலும் குரோக் பார்க்கின் கதவு திறக்க இன்னும் பல காலம் ஆயிற்று. அங்கே ரக்பியோ கால்பந்தோ ஆடக்கூடாது என்று தனியாக இன்னொரு விதி. ரக்பியும் கால்பந்தும் நடந்துவந்த லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தை இடித்துக் கட்ட வேண்டிவந்ததால், வேறு வழியில்லாமல் 2005-ல் தளர்த்தினார்கள். 2007 பிப்ரவரி 24, சனிக்கிழமை சாயங்காலம், ஹோகன் சுடப்பட்ட அதே மைதானத்துக்கு இங்கிலாந்து ரக்பி அணி வந்தது. அவர்கள் தேசிய கீதம் பாடும்போது என்ன ஆகுமோ என்று நாடே நகத்தைக் கடித்தது. வார்டில் மேனேஜர் அப்போது இல்லை, முந்தின வருஷமே போய்விட்டார். டிப்பரரிக்காரர் மட்டும் வீல் சேரில். கூட்டம் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் நின்றது, கீதம் முடிந்ததும் கை தட்டியது. அயர்லாந்து 43, இங்கிலாந்து 13.

“ஐம்பது போட்டிருக்க வேண்டும்,” என்றார். ரக்பியில் ஒரு ட்ரைக்கு எத்தனை புள்ளி என்று அன்று எனக்கு விளக்கிச் சொன்னவர், ரக்பியை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்த அதே மனிதர்.

ஆண்கள் கதை இவ்வளவுதான். இதில் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள், பிறகு சேர்ந்து பீர் குடித்தார்கள். பெண்கள் கதைக்கு வந்தால் சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.

1934-ல் அயர்லாந்தின் தடகளச் சங்கம், ஆண்கள் போட்டி நடக்கும் அதே மைதானத்தில் பெண்களும் ஓடலாம் என்று யோசித்தது. பிளாக்ராக் கல்லூரித் தலைவராக இருந்த பாதிரியார் ஜான் சார்ல்ஸ் மக்வெய்ட் கொதித்தெழுந்து எழுதினார். அது கத்தோலிக்கமும் அல்ல, ஐரிஷ்தன்மையும் அல்ல என்பது வாதம். சங்கம் பின்வாங்கியது. மக்வெய்ட் பிறகு டப்ளினின் ஆர்ச்பிஷப்பாகி 1972 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ரானி டெலனி 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஓடி முடித்ததும் முழங்காலிட்டு ஜெபம் செய்தார். காயம் பட்டுவிட்டதோ என்று பயந்து ஆஸ்திரேலிய வீரர் ஜான் லாண்டி ஓடிவந்து தூக்கிய காட்சியை, அயர்லாந்தில் டி.வி வைத்திருக்கும் எல்லோரும் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். அதே மெல்பர்னுக்கு அதே பச்சைச் சட்டையில் இன்னொருவரும் போனார். மேவ் கைல், கில்கெனியில் பிறந்தவர், அயர்லாந்தின் முதல் ஒலிம்பிக் ஓட்டக்காரி. கல்யாணமானவர், வீட்டில் சின்னப் பெண் குழந்தை. கணவனையும் குழந்தையையும் விட்டுவிட்டு அரை டிரவுசரில் ஓடப் போகிறாள், தாய்மைக்கே அவமானம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் 1960-லும் போனார், 1964-லும் போனார். பிற்பாடு விருதுகள், கௌரவங்கள், கை தட்டல் எல்லாம் வந்தன. கடிதம் எழுதியவர்களுக்கும் கை இருந்திருக்குமே, அவர்களும்தான் தட்டியிருப்பார்கள்.

கேட்டி டெய்லர் விஷயம் என் கண்முன்னே நடந்தது. பிரே ஊர்க்காரி. சிறுமியாக இருந்தபோது முடியைத் தலைக்கவசத்துக்குள் சொருகி, பெயர்ப் பட்டியலில் ‘கே. டெய்லர்’ என்று மட்டும் எழுதி, பையன்களோடு குத்துச்சண்டை போட்டாள். கவசத்தைக் கழற்றியதும் அப்பாக்களும் மாமாக்களும் வாயைப் பிளப்பார்களாம். அயர்லாந்தில் அதிகாரபூர்வமான முதல் பெண்கள் குத்துச்சண்டை 2001 அக்டோபர் 31-ல், டப்ளினில் சவுத் சர்குலர் ரோட்டிலுள்ள நேஷனல் ஸ்டேடியத்தில் நடந்தது. நான் வந்து இறங்கிய அதே வருஷம். கேட்டிக்கு 15 வயது. ஜெயித்தாள். 2011-ல் சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் பெண்களுக்குப் பாவாடை மாட்டினால் டி.வி.யில் எடுப்பாக இருக்கும் என்று கண்டுபிடித்தபோது, முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தது. கேட்டி தங்கம் வாங்கினாள். என் வார்டில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருவர் கத்தினார். மாட்டிவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உடுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐரிஷ் விளையாட்டு நிர்வாகத்துக்கு அலுப்பே கிடையாது. 1996 அட்லாண்டாவில் கோவ் ஊரின் சோனியா ஓ’சல்லிவன், உலக சாம்பியனாகப் போனவர். எந்தக் கம்பெனியின் உடையைப் போட வேண்டும் என்று இரண்டு நிர்வாக அமைப்புகளுக்குள் சண்டை. ஓடப் போகும் பெண்ணை, மைதானத்துக்குள் நுழையும் சுரங்கப்பாதையில் நிறுத்தி உடை மாற்ற வைத்தார்கள். அந்த ஒலிம்பிக் அவருக்கு அழுகையில் முடிந்தது. நான்கு வருஷம் கழித்து சிட்னியில் வெள்ளி வாங்கினார். இன்று கோவ் கடற்கரையில் சிலை. சிலையின் உடைக்கு ஸ்பான்சர் யார் என்று யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கமோகி ஆடுகிறாள். பெண்கள் ஹர்லிங்குக்கு அதுதான் பெயர். மட்டை, பந்து, தலைக்கவசம், அடி, உதை எல்லாம் ஒன்றுதான். ஆனால் 2025 வரை கீழே ‘ஸ்கோர்ட்’ போட வேண்டியிருந்தது. வெளியே பாவாடை, உள்ளே டிரவுசர். நாகர்கோவிலில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன்.

“ஏட்டீ, பாவாடையக் கட்டிக்கிட்டா இந்தப் பிள்ள மட்டையத் தூக்கிட்டு ஓடுது?”

“சட்டம்மா.”

“நல்லாயிருக்கு. நீங்க வெளிநாட்டுலல்லா இருக்கீய?”

2025 மே மாதம் டப்ளின் அணியும் கில்கெனி அணியும் ஒரு போட்டிக்கு டிரவுசரோடு மைதானத்தில் இறங்கின. மாற்றிக்கொண்டு வராவிட்டால் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். நாடெங்கும் கூச்சல். அதே மாதத்தில் சிறப்பு மாநாட்டைக் கூட்டி ஓட்டுப் போட்டார்கள்: 98 சதவீதம் பேர், விரும்பினால் டிரவுசர் போடலாம் என்றார்கள். 98 சதவீதத்துக்குச் சம்மதமான ஒன்றை இத்தனை காலம் தடுத்தது யார் என்று மகள் கேட்டாள். நான் டிப்பரரிக்காரரை நினைத்துக்கொண்டேன். இந்நாட்டில் தடை என்றால் எப்போதும் அப்படித்தான். போட்டவரைத் தேடினால் கிடைக்க மாட்டார், எடுத்தவர்கள் மட்டும் கூட்டமாக நிற்பார்கள்.

அவளை ஒரு போட்டிக்காக டிப்பரரி பக்கம் அழைத்துப் போனபோது நேனா ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் மூன்று வெண்கலச் சிலைகள். மூவரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள், மூவரையும் தன் பிள்ளைகள் என்று ஊர் கொண்டாடுகிறது. ஜானி ஹேஸ் 1908-ல் மாரத்தான் ஜெயித்தார், அமெரிக்காவுக்காக. மாட் மக்ராத் 1912-ல் சம்மட்டி எறிதலில் ஜெயித்தார், அவரும் அமெரிக்காவுக்காக. அயர்லாந்தின் சட்டையைப் போட்டு ஜெயித்தவர் மூன்றாமவர் மட்டுந்தான். பாப் டிஸ்டால், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். அவர் பிறந்த ஊர் எது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். நுவரெலியா!

1907-ல் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் நேனாவுக்கு வந்திருக்கிறார். அந்தக் காலத்து நுவரெலியாவில் துரை வீட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்த ஆயா யாராக இருந்திருப்பாள் என்று யோசித்தேன். திருச்சியா, புதுக்கோட்டையா, சேலமா, எந்தப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து போன குடும்பமோ. ஒலிம்பிக் சாம்பியனுக்கு முதல் அடி எடுத்து வைக்கக் கை கொடுத்தது அவளாகக்கூட இருக்கலாம். சிலைக்கு முன்னால் நின்றபோது இது தெரிந்திருந்தால் இன்னும் ஒரு டீ சேர்த்துக் குடித்திருப்பேன்.

டிஸ்டாலின் கதையே விசித்திரம். ஒலிம்பிக்குக்கு முன் அவர் அந்தத் தடை ஓட்டத்தை ஓடிய தடவைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தானே கடிதம் எழுதி இடம் கேட்டார். இங்கிலாந்தில் ஒரு பழத்தோட்டத்தில், ஓடாத ரயில் பெட்டி ஒன்றில் மனைவியோடு குடியிருந்து பயிற்சி எடுத்தார். இறுதி ஓட்டத்தில் முதலாவதாக வந்தார், உலக சாதனையை விட வேகமாக. ஆனால் கடைசித் தடையைக் காலால் தட்டிவிட்டார். தடை விழுந்தால் சாதனை செல்லாது என்பது அன்றைய விதி. தங்கம் டிஸ்டாலுக்கு, உலக சாதனைப் பட்டியலில் பெயர் இரண்டாவதாக வந்த அமெரிக்கர் கிளென் ஹார்டினுக்கு. தடையைத் தாண்டுவதற்குப் பதில் தட்டி வீழ்த்தியவருக்கு அயர்லாந்து சிலை வைத்திருப்பது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. அந்த மனிதர் ஊரில் தங்கவில்லை, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக் தீபத்தை ஏந்தியபோது வயது 93. நாலு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் இறந்தார்.

இப்போதைய நாயகர்களில் எனக்குப் பிடித்தவள் கெல்லி ஹாரிங்டன். அதற்கு என் தொழில்தான் காரணம். டப்ளின் நடுவே போர்ட்லண்ட் ரோவில் வளர்ந்தவள், ஃபேர்வியூவிலுள்ள மனநல மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். டோக்கியோவில் தங்கம், 2024 பாரிஸில் மறுபடி தங்கம். டோக்கியோவிலிருந்து வந்து ஊர்வலம் எல்லாம் முடிந்ததும் திரும்பவும் அந்த வேலைக்கே போனாள். பத்திரிகைகள் இதை ஏதோ துறவு மாதிரி எழுதின. எங்கள் வார்டில் துடைக்கும் பெண்ணிடம் கேட்டேன். “லீவு தீர்ந்திருக்கும்,” என்றாள். எழுதப்பட்டதில் எதுவும் இவ்வளவு சரியாக இல்லை.

நான் வந்த புதிதில், மேடையேறி விருது வாங்குகிறவர்களை ஏதோ வேற்றுலகத்தார் என்று பார்ப்பேன். இப்போது எங்கள் வட்டாரக் கிளப்பின் விருதுக் கமிட்டியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். தேர்ந்தெடுத்து ஒன்றும் போடவில்லை. சாண்ட்விச் பொறுப்பு என்னிடம் இருந்தது, கூட்டத்துக்கு சாண்ட்விச் வேண்டியிருந்தது, அப்படியே நாற்காலியும் கிடைத்தது.

எங்கள் கிளப்பிலும் ஹால் ஆஃப் ஃபேம் உண்டு. ஆர்.டி.ஈ-க்கு இருந்தால் எங்களுக்கு இருக்கக்கூடாதா? போன வருஷம் ஒரு மூதாட்டியின் பெயர் வந்தது. பல பத்து வருஷமாக ஆண்கள் அணி, பெண்கள் அணி, குழந்தைகள் அணி அத்தனைக்கும் ஜெர்சி துவைப்பவர். கமிட்டியில் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். கிளப்பின் ஜெர்சியை அணிந்து போட்டியில் ஆடியவருக்கே விருது என்று விதியில் இருக்கிறதாம்.

“அந்தம்மா ஆடும் வயதில் இங்கே பெண்களுக்கு அணியே கிடையாதே,” என்றேன்.

“அது தெரியும். ஆனால் விதி...”

“ஒரு ஜெர்சியை அணியவில்லை, சரி. எல்லா ஜெர்சியையும் துவைத்திருக்கிறார்,” என்றார் பொருளாளர். அவர் மனைவி பெண்கள் அணியில் கோல் கீப்பர். வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர்.

ஓட்டெடுப்பு வைத்தோம். எதிர்ப்பு ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமியவரும் கையைத் தூக்கினார், அதுவும் முதலாவதாக. விழாவன்று ‘தடைகளைத் தாண்டி’ என்று மேடையில் பேசியவரும் அவர்தான். பின்னணியில் பியானோ இல்லை, ஒலிபெருக்கி கீச்சிட்டது.

மூதாட்டி மைக்கைப் பிடித்து, பல் கவசத்தை டிரவுசர் பாக்கெட்டில் வைத்துவிட்டுத் துவைக்கப் போடும் பையன்கள் யார் யார் என்று தனக்குத் தெரியும் என்றார். பெயர் சொல்லவா என்று கேட்டார். நாற்காலிகளில் நெளிந்தார்கள். பிறகு, தனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகப் போகிறது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யார் துவைப்பது என்று கமிட்டி சொல்லட்டும் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெகு நேரம் தட்டினார்கள். தட்டுகிற வரைக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

கார் பார்க்கிங்கில் என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்தபோது ஜெர்சிப் பை அதற்குள் ஏறிக்கொண்டது. யார் தூக்கி வைத்தார்கள் என்று தெரியவில்லை. மூதாட்டி விருதுக் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

“முப்பது டிகிரிக்கு மேல் வைக்காதே, மகளே. முதுகிலிருக்கும் நம்பர் உரிந்துவிடும்.”